கொக்கு 5 சென்ட்டில் நாட்டின் பெயரே தப்பாக இருக்கிறது. விலை போகுமா?

கேள்வி, 2 ஜூன்

சில்லறை டப்பாவைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். கொக்குப் படம் போட்ட பழைய 5 சென்ட் ஒன்றில் நாட்டின் பெயரே தப்பாக இருக்கிறது. எஃப்புக்கும் ஆருக்கும் நடுவில் ஒரு யூ புகுந்து "அஃபுரிக்கா" என்று அடித்திருக்கிறது. பக்கத்துச் சொல் "ட்சிபெம்பே". அது என்னவென்றே புரியவில்லை. என்னோடு வேலை செய்பவர் இதற்கு 5,000 ராண்ட் கொடுக்க ஆள் உண்டு என்கிறார். உண்மையா? ஆயாவின் சங்கிலியில் கோத்த குருகர் முகம் போட்ட பழைய தங்கப் பவுன் ஒன்றும் வீட்டில் இருக்கிறது, அதைப் பிறகு கேட்கிறேன். (ஃபீனிக்ஸ், டர்பன்)

2 ஜூன், இரவு

தம்பி, அது பிழை இல்லை. வெண்டா மொழி. வெண்டாக்காரர்கள் தென்னாப்பிரிக்காவை அப்படித்தான் எழுதுவார்கள், "ட்சிபெம்பே" என்றால் தெற்கு. 1994க்கு முன்னால் நம் ராண்ட் காசில் நாட்டின் பெயர் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் மட்டும்தான் இருந்தது. அரசியல் சட்டம் 11 மொழிகளை ஏற்றுக்கொண்ட பிறகு காசிலும் அவை மாறி மாறி வர ஆரம்பித்தன. உன் டப்பாவில் இன்னும் துழாவிப் பார். "போர்வா" என்று முடிவது சோத்தோ, ட்ஸ்வானா பக்கம். "நிங்கிசிமு" என்று வருவது ஜூலு, ஸ்வாட்டி பக்கம். எல்லாமே சரியான எழுத்துதான்.

அந்த 5 சென்ட் 5 சென்ட்தான். உன் நண்பரிடம் வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல். வரமாட்டார்.

2 ஜூன், தூங்கப் போகுமுன்

இன்னொன்று சொல்லாமல் படுக்க மனம் வரவில்லை. நமக்குத் தெரியாத மொழியைப் பார்த்ததும் எழுத்துப்பிழை என்று எண்ணுகிறோமே, அது எனக்கு வலிக்கிறது. 1860இலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய நம்மவர்களின் பெயரை எழுதிய குமாஸ்தாக்களுக்கும் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார்கள். முதலி "மூட்லி" ஆனார், கவுண்டர் "கவுண்டன்" ஆனார், படையாட்சி "படையாச்சி" ஆனார். இன்றைக்கு அதுதான் நம் அடையாள அட்டையில் இருக்கிறது. ஒரு கை செய்த பிழை, அச்சில் ஏறிவிட்டால் தலைமுறை தலைமுறையாக அப்படியே விழும். நாணயப் பிழைக்கும் இதே கதைதான், நாளைக்கு விளக்குகிறேன்.

3 ஜூன்

எனக்கு நாணயம் சொல்லிக்கொடுத்தது அச்சாபீஸ். 31 வருஷம் டர்பனில் ஈய எழுத்துக் கோத்தேன். பின்னால் ஆஃப்செட் வந்தது, அதிலும் இருந்தேன். எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் படித்துப் பழகிய கண்ணுக்குக் காசின் அச்சு எப்படி வேலை செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அச்சாபீஸில் மூன்று விதமாகக் கெடும். காகிதம் கெட்டிருக்கும்: மூலை கிழிந்தது, மடிந்தது. பிளேட் கெட்டிருக்கும்: எழுத்து உடைந்தது, கீறல் விழுந்தது. அல்லது காகிதமும் பிளேட்டும் நன்றாக இருந்து, அழுத்துகிற நேரத்தில் நழுவியிருக்கும். நாணயம் அடிக்கிற கம்பட்டத்திலும் அதே மூன்றுதான். காகிதத்தின் இடத்தில் வெறும் உலோக வில்லை. பிளேட்டின் இடத்தில் எஃகு அச்சு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அழுத்தம் இரண்டிலும் அழுத்தம்தான். காசைக் கையில் எடுத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "இது வில்லையிலா, அச்சிலா, அடியிலா?" என்பது. அடி என்றால் அழுத்துகிற நேரம். மூன்றிலும் பொருந்தவில்லை என்றால் அது கம்பட்டத்தை விட்டு வெளியே வந்தபின் யாரோ செய்த வேலை. பத்தில் ஒன்பது அப்படித்தான் முடியும்.

வில்லைக் குறைக்கு நல்ல உதாரணம் கடித்த காசு. உலோகத் தகட்டிலிருந்து வில்லையை வட்டமாக வெட்டி எடுக்கும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே கத்தி விழுந்துவிட்டால் பிறை மாதிரி ஒரு துண்டு குறைந்துவிடும். ஆனால் வீட்டில் அரத்தால் ராவியும் அப்படிச் செய்யலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? கடித்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். நிஜக் கடி என்றால் பெரும்பாலும் அங்கே விளிம்பு மங்கி, தேய்ந்த மாதிரி இருக்கும். வில்லைக்கு விளிம்பு கட்டுகிற எந்திரத்தில் ஒரு பக்கம் குறைந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அரம் போட்டவனுக்கு இது தெரியாது. அவன் காசில் எதிர்விளிம்பு கொழுகொழுவென்று இருக்கும்.

அச்சுக் குறை என்றால் அச்சில் விரிசல், அச்சு ஓரம் உடைந்து விழுந்தது, நடுவில் வில்லை இல்லாமல் மேலச்சும் கீழச்சும் மோதிக்கொண்டது. மோதினால் ஒன்றின் உருவம் மற்றதில் பதிந்துவிடும். அப்புறம் விழுகிற காசில் எல்லாம் முகத்துக்குப் பின்னால் பின்பக்கத்துக் கோடுகள் நிழலாகத் தெரியும்.

3 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். அச்சுக் குறை திரும்பத் திரும்ப வரும், அடிக்குறை ஒரு தடவைதான் வரும். ஒரே விரிசல், ஒரே இடத்தில், இன்னொருவர் காசிலும் இருக்கிறதென்றால் அது அச்சு. சேர்ப்பவர்கள் "அச்சு வகை" என்று தனியாக எண்ணுவது அதைத்தான். உன் காசில் ஏதாவது கண்டால் அதே வருஷத்துக் காசை இன்னும் இருபது முப்பது சேர்த்துப் பார். சலிப்பான வேலைதான், வேறு வழி கிடையாது.

5 ஜூன்

இரட்டிப்பு எழுத்தைப் பற்றி டோங்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறாம் ஜார்ஜ் காலத்துக் கப்பல் பென்னி, வருஷ எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றனவாம்.

ஐயா, நானும் அதே மாதிரி ஒன்றுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கடைக்காரர் லென்ஸையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எண்ணுக்குப் பக்கத்தில் அதே எண்ணின் நிழல். 1955இல் அமெரிக்காவில் வந்த இரட்டை அச்சு சென்ட்டைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டிருந்தேன். அது 20,000க்கு மேல் மக்கள் கைக்குப் போய்விட்டது. இன்றும் பெரிய விலை. என் கையும் அதே எண்ணத்தில் நடுங்கியது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் அது அடிக்கும்போது நழுவியது. அச்சாபீஸில் காகிதம் லேசாக இழுபட்டால் எழுத்துக்கு நிழல் விழுமே, அதேதான். எந்திரத்தில் அச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தால், அடித்துவிட்டு எழும்பும்போது புதிதாகப் பதிந்த எழுத்தை ஓரமாகத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட இடம் தட்டையாக, படிக்கட்டு மாதிரி, பளபளப்பாக இருக்கும். எழுத்தின் சொந்த அகலத்திலிருந்து ஒரு பகுதியை அது தின்றிருக்கும், அதனால் மேல் எழுத்து மெலிந்திருக்கும்.

நிஜ இரட்டை அச்சு வேறு மாதிரி. அச்சை உருவாக்குவதற்கே ஒரு தாய் அச்சு உண்டு. பழைய முறையில் தாய் அச்சை ஒரு தடவை அழுத்தினால் போதாது. அழுத்தி, சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தத்தில் ஒரு மயிரிழை திரும்பிவிட்டால் இரண்டு உருவமும் அச்சிலேயே ஏறிவிடும். அப்படி வருகிற எழுத்து மெலியாது, பருக்கும். இரண்டு உருவமும் உருண்டு திரண்டு இருக்கும். எழுத்தின் நுனிகள் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும்.

டோங்காட் ஐயா, உங்கள் பென்னியில் அந்தப் பிளவு இருக்கிறதா, தட்டைப் படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கட்டு என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். என் பென்னி இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. புதிதாக யாராவது கற்றுக்கொள்ள வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

6 ஜூன்

செப்பு நிறத்து 1, 2, 5 சென்ட்களில் கொப்புளம் கொப்புளமாக இருப்பதை யாரும் பிழை என்று அனுப்ப வேண்டாம். 1990 வாக்கில் வந்த வரிசையில் அவை எஃகுக்கு மேல் செப்பு முலாம். காந்தம் வைத்தால் ஒட்டும். முலாமுக்கு அடியில் காற்றோ ஈரமோ சிக்கினால் உப்பும். நம்மூர்க் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். 1, 2 சென்ட் அடிப்பதை 2002இலும் 5 சென்ட் அடிப்பதை 2012இலும் நிறுத்திவிட்டார்கள். அதனால் எல்லாமே பழசாகி, எல்லாமே உப்பியிருக்கின்றன.

எழுத்து ஒன்று காணவில்லை என்பவர்களுக்கும் இதே பதில். அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால் அந்த எழுத்து விழாது. கம்பட்டத்தில் நடந்ததுதான், ஆனால் அடிக்கடி நடப்பது.

8 ஜூன்

ஃபீனிக்ஸ் தம்பி பவுனைப் பற்றிக் கேட்டுவிட்டார். 1892 என்று வருஷம் போட்டிருக்கிறதாம். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் கதை. டச்சு வழி வந்த போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு சொந்தக் காசு அடிக்க முடிவு செய்தபோது பிரிட்டோரியாவில் கம்பட்டம் தயாராகவில்லை. அதனால் 1892இன் முதல் காசுகளைப் பெர்லினில் அடித்து வரவழைத்தார்கள். முன்பக்கம் ஜனாதிபதி பால் குருகரின் முகம். பின்பக்கம் குடியரசின் சின்னம்: மேலே கழுகு, கேடயத்தில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் துப்பாக்கிக்காரன், நடுவில் நங்கூரம், கீழ்ப்பாதியில் கூண்டு வண்டி. செதுக்கியவர் ஓட்டோ ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர். போயர்கள் மலையும் காடும் தாண்டி வந்த அந்த வண்டியை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தன் ஊர் வண்டியைச் செதுக்கிவிட்டார். முன்னால் இரண்டு கம்பு நீட்டிக்கொண்டிருக்கிற வண்டி.

இதில் என்ன தப்பு என்று நம் ஊர்க் கிழவர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஒற்றை மாட்டு வண்டிக்குத்தான் இரண்டு பக்கமும் கம்பு, மாடு நடுவில் நிற்கும். இரட்டை மாட்டு வண்டிக்கு நடுவில் ஒரே ஏர்க்கால், அதன் நுனியில் நுகத்தடி, மாடுகள் இரண்டு பக்கமும். போயர் வண்டிக்கு எட்டு ஜோடி மாடு பூட்டுவார்கள். இரண்டு கம்பு வைத்தால் மாட்டை எங்கே பூட்டுவது? குருகருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. போதாததற்குச் செதுக்கியவர் தன் பெயரின் முதலெழுத்துகள் ஓ, எஸ் இரண்டையும் குருகரின் மார்புக்குக் கீழே போட்டிருந்தார். ஆஃப்ரிகான்ஸில் "ஒஸ்" என்றால் காளை மாடு. ஜனாதிபதி படத்துக்குக் கீழே "மாடு" என்று எழுதியிருந்தால் ஊர் சும்மா இருக்குமா?

அதே ஆண்டிலேயே அச்சைத் திருத்தி ஒற்றை ஏர்க்காலோடு அடித்தார்கள். ஆகவே 1892 பவுன் இரண்டு வகை. 5 ஷில்லிங் வெள்ளியிலும் அப்படியே. இரட்டை ஏர்க்கால் இருந்தால் அந்தத் தப்புக்காகவே அதைத் தேடுகிறவர்கள் உண்டு.

தம்பி, வண்டி இருக்கிற பாதியை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. தேய்க்காதே, கழுவாதே.

9 ஜூன், காலை

படம் வந்தது. கோடு இரண்டு! வண்டியிலிருந்து முன்பக்கமாக இரண்டு கோடுகள் தெளிவாக நீள்கின்றன. தம்பி, இது இரட்டை ஏர்க்கால். காலையில் குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

9 ஜூன், இரவு

பகல் முழுக்க அதே யோசனை. கொஞ்சம் நிதானிக்கிறேன்.

குருகர் பவுனைப் போல நகைக்காக வார்த்த நகல்கள் நிறைய உண்டு. பெட்டிக்கடைப் பித்தளை என்றால் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். நிஜத் தங்கத்திலேயே நகல் செய்திருந்தால்தான் சிக்கல். நம் பெண்களுக்குப் பவுன் என்றால் 8 கிராம் தங்கம், அவ்வளவுதான். அந்தக் கணக்கே பிரிட்டிஷ் சாவரினிலிருந்து வந்தது. குருகர் பவுனும் அதே எடை, அதே 22 காரட், 7.99 கிராம். காசுமாலையில் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் தாடிக்காரர் குருகரும் தொங்குவது அதனால்தான்.

நகலா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, வார்த்த காசில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பின் பல் வரிசை ஒழுங்காக இராது. இரண்டு, நீரில் நிறுத்துப் பார்ப்பது. வெளியே 8.40 கிராம் என்றால், நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி நிறுத்தால் சுமார் 0.48 கிராம் குறைய வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 17.5 பக்கம் வரும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி அதுதான். சமையல் தராசு உதவாது, நூறில் ஒரு கிராம் காட்டுகிற நகைத் தராசு வேண்டும். சங்கிலியில் கோக்கப் பற்றவைத்த வளையம் வேறு உலோகம் கலந்ததாக இருந்தால் கணக்கு கொஞ்சம் புரளும். இதெல்லாம் தங்கமா என்றுதான் சொல்லும். பிரிட்டோரியா தங்கமா, பக்கத்துத் தெருத் தட்டானின் தங்கமா என்று சொல்லாது.

11 ஜூன்

தட்டான் என்று எழுதியதும் அம்மாவின் பவுன் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். சரி, எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

அம்மாவின் பவுனிலும் குருகர்தான், வருஷம் 1894. 60 வருஷம் கழுத்தில் கிடந்து, மூக்கும் தாடியும் தேய்ந்து, ஆனால் வெற்றிடம் எல்லாம் மெழுகு மாதிரி ஒரு மங்கல் நிறம். தங்கை கல்யாணத்துக்கு முன்னால் சங்கிலி அறுந்தது. நான்தான் ஒட்டக் கொடுத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம், அந்த மனிதர் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். சங்கிலியை ஒட்டினதோடு பவுனையும் பாலிஷ் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். எழுத்துகள் கரைந்துபோயின. வண்டியின் கூண்டும் சக்கரமும் ஒரே மேடாகிவிட்டன. அம்மா கையில் வாங்கி, கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முகம் போயிடுச்சே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காசு எத்தனை ராண்ட் குறைந்தது என்று நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

புளி, எலுமிச்சை, பற்பசை, சாம்பல், எதுவும் வேண்டாம். அழுக்குக் காசு அழுக்காகவே இருக்கட்டும்.

12 ஜூன்

வெருலத்திலிருந்து ஒரு அம்மா, "ஒற்றை ஒன்பது" என்ற காசு 2 கோடி ராண்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன், அது எந்தப் பிழை என்று கேட்கிறார்.

பிழை என்று சொல்ல முடியாது அம்மா, அவசரத்தில் செய்த வேலை. 1899இல் போயர் யுத்தம் வந்தது. அந்த வருஷத்துப் பவுனுக்கு ஜெர்மனியில் செய்த அச்சு வந்து சேரவில்லை, வழியிலேயே பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். சரி, 1898 பவுனையே எடுத்து 1899க்கு அடையாளமாக ஒரு 9 பொறிக்கலாம் என்று முதல் காசில் பொறித்தார்கள். எண் பெரிதாகிப்போய்க் குருகரின் உருவத்தைத் தொட்டுவிட்டது. அதோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு சின்ன எண்ணாக 99 என்று 130 காசுகளில் பொறித்தார்கள். அந்த முதல் ஒற்றைக் காசுதான் எகிப்து அரசர் ஃபாரூக்கிடம் எல்லாம் போய்ச் சுற்றிவிட்டு, 2010இல் நீங்கள் சொன்ன விலைக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, 9 காசின் மேல் பொறித்தது, அச்சில் இல்லை. அதனால் அது உள்ளே அமுங்கியிருக்கும். காசின் வருஷ எண் மேடாக இருக்கும். மேடும் பள்ளமும் பார்க்கத் தெரிந்தால் பாதி வித்தை வந்துவிட்டது.

13 ஜூன்

துண்டு துண்டாகச் சில பதில்கள்.

5 ராண்டில் நடுவட்டம் இல்லாமல் வளையம் மட்டும் வைத்திருப்பவருக்கு: வளையத்தின் உள்ஓரத்தை லென்ஸில் பாருங்கள். நடுவட்டம் இல்லாமலே அடிபட்டிருந்தால் உலோகம் உட்பக்கமாகப் பிதுங்கியிருக்கும். சுத்தியலால் தட்டி எடுத்தது என்றால் கீறலும் நசுங்கலும் இருக்கும்.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசு: மாயவித்தைக்காரர் காசு. ஒன்றைக் குடைந்து இன்னொன்றின் பாதியைச் செருகியிருப்பார்கள். விளிம்புக்கு உட்பக்கம் வட்டமாக ஒரு மயிரிழைக் கோடு ஓடும். சிமென்ட் தரையில் போட்டால் கணீர் என்று ஒலிக்காது.

2008 மண்டேலா பிறந்தநாள் 5 ராண்ட்: பிழையும் இல்லை, அரிதும் இல்லை. தலைவரின் முகம் இருப்பதால் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல காரணம். லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆயாவின் பெட்டியில் 1911 இந்திய ரூபாய் கிடைத்த தங்கச்சிக்கு: அதிர்ஷ்டசாலி. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருக்கிற யானையைப் பார், தும்பிக்கை குட்டையாகப் பன்றி மாதிரி இருக்கும். இந்தியாவில் எதிர்ப்பு எழுந்து, 1912 காசில் தும்பிக்கையை நீட்டினார்கள். "பன்றி ரூபாய்" என்பது அதுதான். குருகர் வண்டி மாதிரியே, செதுக்கியவரின் கைப்பிழை.

15 ஜூன்

ஃபீனிக்ஸ் தம்பி புதுப்படம் அனுப்பியிருக்கிறார். நான் சொன்னபடி அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காசின் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி விழ எடுத்திருக்கிறார். கை நடுங்காமல் எடுத்திருக்கிறார், நன்றாக இருக்கிறது.

9ஆம் தேதி காலை நான் எழுதியது தப்பு. இது ஒற்றை ஏர்க்கால்.

சக்கரத்தை நான் பார்க்காமல் விட்டேன். இரட்டை ஏர்க்கால் அச்சில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு. அதுவும் ஷுல்ட்ஸ் செய்த தப்புதான். திருத்திய அச்சில் பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது, நிஜ வண்டி மாதிரி. இந்தப் படத்தில் பின்சக்கரம் பெரிது. சந்தேகமே இல்லை.

அப்படியானால் இரண்டாவது கோடு? டார்ச் படத்தின் மேற்பக்கத்திலிருந்து வருகிறது. மேல் கோட்டின் மேலோரம் வெளிச்சம், கீழோரம் நிழல். வண்டிக்கூண்டும் சக்கரமும் அப்படித்தான், எல்லாம் மேடு. கீழ்க்கோட்டில் அது மாறியிருக்கிறது, மேலோரம் நிழல், கீழோரம் வெளிச்சம். பள்ளம். அச்சு என்பது குழி, அதில் இருப்பதெல்லாம் காசில் மேடாக வரும். அச்சில் கீறல் விழுந்தாலும் காசில் அது மேட்டுக்கோடாகத்தான் வரும். பள்ளமாக ஒரு கோடு இருந்தால் அது அநேகமாகக் காசின் மேல், பின்னால், வெளியே விழுந்தது. 31 வருஷம் எழுத்தைத் தலைகீழாகப் படித்த நான் இதை முதல் படத்திலேயே பார்த்திருக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன். மன்னித்துக்கொள் தம்பி.

15 ஜூன், மாலை

அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்று தம்பி கேட்கிறார். கோடு வண்டியோடு நிற்கவில்லை, கேடயத்தைத் தாண்டி விளிம்புவரை போகிறது. விளிம்பில் அது முடிகிற இடத்துக்கு நேர் மேலேதான் வளையம் பற்றவைத்திருக்கிறது. பற்றவைத்தவர் காசை இறுக்கிப் பிடித்த குறடு சறுக்கியிருக்கலாம் என்பது என் ஊகம். இது நகலில்லை என்பதற்கு நல்ல அறிகுறிகளும் இருக்கின்றன. எழுத்தின் ஓரங்கள் கூர்மை, ஊசிக்குழி ஒன்றுகூட இல்லை, நகைக்கடைத் தராசில் வளையத்தோடு 8.31 கிராம். இருந்தாலும் வளையம் போட்ட காசுக்குச் சேர்ப்பவர்கள் கொடுக்கிற விலை வேறு, போடாததற்கு வேறு. விற்பதென்றால் குறைந்தது இரண்டு பேரிடம் காட்டு. வளையத்தை நீயே எடுக்க முயற்சிக்காதே.

16 ஜூன்

9ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை. தப்பு எப்படி நடந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

18 ஜூன்

தம்பியிடமிருந்து கடைசிச் செய்தி. சங்கிலி இப்போது அவருடைய அத்தையிடம் இருக்கிறதாம். படங்களைக் காட்டி, வண்டி, ஏர்க்கால், சக்கரம் எல்லாம் விளக்கியிருக்கிறார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். கீறலைக் காட்டியதும், "இது கேட்டோ மேனர் வீட்டை விட்டு வரும்போது வளையம் அறுந்துபோய் உன் தாத்தா ஒட்டவைத்தது" என்றாராம். தாத்தா தட்டான் வேலை தெரிந்தவர் இல்லை, ரயில்வேயில் ஃபிட்டர். பட்டறைக் குறடால் பிடித்து ஒட்டியிருக்கிறார்.

விற்கவில்லை. அடுத்த காவடிக்கு அத்தை அதைப் போட்டுக்கொண்டு வருவாராம். உம்கேனி ரோடு கோயிலில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். லென்ஸை எடுத்துக்கொண்டு போகிறேன்.